நெய்வேலி: காற்று ஒன்றுதான், மருத்துவக் கோப்பு மட்டும் ஏன் இரண்டு?

சென்னை - கும்பகோணம் சாலையில் போகிறவர்களுக்கு நெய்வேலி என்றால் ஆர்ச் கேட்தான் ஞாபகம் வரும். உள்ளே போனால் நேர் நேரான சாலைகள், இருபுறமும் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்த குவார்ட்டர்ஸ், பள்ளிகள், என்எல்சி பொது மருத்துவமனை. வெளியே வடக்குத்து, இந்திரா நகர். இன்னொரு பக்கம் மந்தாரக்குப்பம், அதையும் தாண்டி சுரங்கத்தை ஒட்டிய கிராமங்கள். அனல்மின் நிலையப் புகை ஆர்ச் கேட்டைப் பார்த்து நிற்பதில்லை. மருத்துவ வசதி நின்றுவிடுகிறது.

நிரந்தர ஊழியருக்கு மூச்சு வாங்கினால் அவர் போகும் ஆஸ்பத்திரியில் பல வருட ரெக்கார்டு இருக்கும். குடும்பத்தினருக்கும் அப்படியே. சுரங்கத்தில் வேலை என்றால், 1955-ம் ஆண்டு சுரங்க விதிகளின்படி சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை, பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இன்னொன்று. மார்பு எக்ஸ்-ரே, நுரையீரல் திறன் எல்லாம் அதில் அடக்கம். சட்டப்படி ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இது உண்டு.

கிராமத்துக்காரருக்கு என்ன இருக்கிறது? முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். சரியாகவில்லை என்றால் விருத்தாசலம் அல்லது கடலூர் அரசு மருத்துவமனை. இன்னும் பெரிய பிரச்சினை என்றால் சிதம்பரம், இல்லாவிட்டால் புதுச்சேரி ஜிப்மர். போகிற இடத்திலெல்லாம் ஒரு புது ஓபி சீட்டு. அந்தச் சீட்டு தொலைந்தால் நோயின் வரலாறும் அதோடு போயிற்று.

சுகாதார ஏற்றத்தாழ்வு என்றதும் படுக்கை எண்ணிக்கை, டாக்டர் எண்ணிக்கை என்றுதான் பேசத் தோன்றும். நெய்வேலியில் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. யாருடைய உடம்பு கணக்கில் இருக்கிறது, யாருடையது இல்லை?

2023-ல் வந்த அறிக்கை

'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பும் 'மந்தன் அத்யயன் கேந்திரா'வும் 2023 ஆகஸ்ட்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டன. நெய்வேலி, பரங்கிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நீர், மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்திருந்தார்கள். நூற்றுச் சொச்சம் வீடுகளில் மக்களிடம் பேசியிருந்தார்கள். செய்தியில் பெரிதாக அடிபட்டது ஒரு எண்: வடக்கு வெள்ளூரில் எடுத்த நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 250 மடங்கு. குடிநீரில் பாதரசத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் அளவு ஒரு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். பேசிய குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் சிறுநீரகம், தோல், மூச்சு சம்பந்தமான தொந்தரவுகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தாமாக முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தாக்கல் செய்த அறிக்கையிலும் சில இடங்களின் நீரில் பாதரசம் வரம்பைத் தாண்டியிருந்தது.

இந்த ஆய்வைக் குறை சொல்வது சுலபம். மாதிரிகள் குறைவு. நோய் விவரம் மக்கள் வாய்மொழியாகச் சொன்னது, டாக்டர் பரிசோதித்து எழுதியது அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஊர் இல்லை. எல்லாமே நியாயமான குறைகள்தான். ஆனால், சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு ஒரு தன்னார்வ அமைப்பு இந்த வேலையைச் செய்ய வேண்டிய நிலை ஏன் வந்தது? என்எல்சி தொடங்கியது 1956-ல். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல்தான் மூடப்பட்டது. அறுபது வருடத்துக்கும் மேலாக பழுப்பு நிலக்கரி எரிகிற ஊரைச் சுற்றி, கிராம மக்களின் உடல்நிலையைத் தொடர்ந்து அளந்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்க வேண்டியது அரசு.

பாதரசம் எங்கிருந்து வருகிறது?

நிலக்கரியிலும் பழுப்பு நிலக்கரியிலும் இயல்பாகவே மிகக் கொஞ்சம் பாதரசம் இருக்கும். எரிக்கும்போது அது ஆவியாகிவிடும். ஒரு பகுதி காற்றோடு கலந்து ரொம்ப தூரம் போகும், ஒரு பகுதி பக்கத்திலேயே படியும், ஒரு பகுதி சாம்பலோடு சாம்பல் குளத்துக்குப் போகும். நாளொன்றுக்கு டன் கணக்கில் எரிக்கிற இடத்தில் இந்தக் 'கொஞ்சம்' கொஞ்சமாக இருக்காது. அனல்மின் நிலையங்களுக்கான பாதரச வரம்பை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில்தான் முதல்முறையாகக் கொண்டுவந்தது.

உடம்புக்குள் போன பாதரசம் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது. தண்ணீர் வழியாகச் சேரும் கனிம வடிவம் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும். குளம், ஏரிச் சேற்றில் நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிட்டால் மீன் வழியாக நம் தட்டுக்கு வரும். அது குறிவைப்பது மூளையையும் நரம்பையும், அதிலும் கருவில் இருக்கும் குழந்தையை. முதல் வகையைச் சிறுநீரில் அளக்கலாம். இரண்டாவதை ரத்தத்திலும் தலைமுடியிலும் அளக்கலாம். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், நீளமான ஒரு முடிக்கற்றையை வைத்தே பல மாதக் கதையைச் சொல்லிவிட முடியும். உத்தரப் பிரதேசத்தின் சோன்பத்ராவில், சிங்ரௌலி அனல்மின் பகுதி மக்களின் ரத்தம், முடி, நகத்தை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2012-லேயே இப்படிச் சோதித்திருக்கிறது. ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை.

ஊழியர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?

நெய்வேலியைப் பற்றிப் பேசினால் உடனே வரும் கேள்வி இது. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் இதை 'ஆரோக்கியமான தொழிலாளர் விளைவு' என்பார்கள். உடல் தகுதி பார்த்துத்தான் வேலைக்கு எடுக்கிறார்கள். முடியாமல் போனவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். கடைசியில் கணக்கில் நிற்பவர்கள் திடகாத்திரமானவர்கள் மட்டும். அவர்களுக்கு நல்ல சம்பளம், நல்ல சாப்பாடு, குழாயில் சுத்திகரித்த தண்ணீர், பக்கத்திலேயே மருத்துவமனை வேறு. இவர்களின் ரெக்கார்டை வைத்து ஊருக்கே 'எல்லாம் நார்மல்' என்று சான்று கொடுத்தால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணியோ சுரங்க ஓரம் ஆடு மேய்க்கும் முதியவரோ அதில் எங்கே இருப்பார்கள்?

மருத்துவ முகாம்கள் நடக்கின்றன, உண்மைதான். ஆனால் முகாம் வேறு, ஆய்வு வேறு. முகாமில் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். ஆய்வு என்றால் அதே ஆளிடம் அடுத்த வருடமும் போக வேண்டும், அதற்கடுத்த வருடமும் போக வேண்டும்.

இதே மாவட்டத்தில் ஒரு முன்கதை

கடலூர் சிப்காட் பக்கத்துக் கிராமங்களில் நாற்றம் தாங்காமல் ஜனங்கள் புகார் கொடுத்து ஓய்ந்திருந்த காலம். 2004-ல் அவர்களே பக்கெட்டோடு கிளம்பினார்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே ஒரு பை, காற்றை இழுக்க ஒரு சின்ன பம்ப். நாற்றம் வரும் நேரத்தில் பிடித்த காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ரசாயனங்கள் இருந்தது தெரிந்தது. எந்த மணிக்கு, எந்த ஆலைப் பக்கமிருந்து, என்ன வாசனை என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் அசைந்தார்கள்.

தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனமான நீரி பிறகு இதே பகுதியில் ஆய்வு செய்தது. சிப்காட் பகுதி மக்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்ற அதன் மதிப்பீடு 2008-ல் வெளியே வந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது காற்றில் இருந்த ரசாயன அளவை வைத்துப் போட்ட ஆபத்துக் கணக்கு. ஆட்களைப் பரிசோதித்து, நோயாளிகளை எண்ணி வந்த எண் அல்ல.

கொடைக்கானல் கதையும் பாதரசம்தான். தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். நடுவில் 15 வருடம். பாதிப்பு இருக்கிறதா, இல்லையா என்ற வாதத்திலேயே அந்தக் காலத்தில் பெரும்பகுதி போனது. வேலை செய்த காலத்திலேயே தொழிலாளர்களின் சிறுநீரைச் சோதித்து, அந்த அறிக்கையை அவரவர் கையில் கொடுத்திருந்தால் இவ்வளவு இழுத்திருக்குமா?

சரி, என்ன மாதிரி ஆய்வு வேண்டும்?

முதலில் ஒப்பீட்டு ஊர் வேண்டும். சிறுநீரகப் பாதிப்புக்குப் பாதரசம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வயல் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. வெயிலில் வேலை செய்வது அதற்கு ஒரு காரணமாகச் சந்தேகிக்கப்படுகிறது. நெய்வேலியைச் சுற்றியும் இதே வெயில், இதே விவசாய வேலை. அதனால் அதே வேலை, அதே வருமானம் உள்ள, ஆனால் சுரங்கத்திலிருந்து தள்ளியிருக்கும் கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது வெயில், எது தண்ணீர் என்று பிரிக்க முடியும். இதைச் செய்யாமல் யார் என்ன சொன்னாலும், மறுப்பதற்கு எதிர்த்தரப்புக்கு இடம் இருந்துகொண்டே இருக்கும்.

செய்வது என்எல்சியாக இருக்கக் கூடாது. செலவை வேண்டுமானால் ஏற்கட்டும். ஜிப்மர் மாதிரி ஒரு நிறுவனமோ, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையோ நடத்த வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதில் ஊர்க்காரர்களுக்கும் இடம் வேண்டும், ஏனென்றால் எந்தக் கிணறு எப்போது நிறம் மாறியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ரத்தம் கொடுத்தவர் வீட்டுக்கு ரிசல்ட் போக வேண்டும், தமிழில். ஆய்வின் பலன் பங்கேற்பவர்களுக்கும் சேர வேண்டும் என்றுதான் ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளும் சொல்கின்றன.

ஆரம்பிக்கப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் ஏற்கெனவே வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிறார்கள். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அதே ஆட்கள் குடிநீர் எங்கிருந்து, இந்த ஊரில் எத்தனை வருடம், சுரங்கத்திலோ சாம்பல் பக்கமோ வேலை உண்டா என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டு, ஒரு சிறுநீர் மாதிரியும் எடுக்கலாம். 2012 முதல் மாநில அளவில் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அதில் இந்த வட்டாரத்தைத் தனியாகப் பிரித்து வெளியிடலாம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் விட்ட பயிரில் பொக்லைன் இறங்கிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். சுரங்கம் விரிய விரிய ஊர்கள் கலைகின்றன. ஒரு குடும்பம் மறுகுடியேற்ற மனைக்குப் போகும், இன்னொன்று வடலூருக்கு, மற்றொன்று திருப்பூருக்கு வேலை தேடி. பத்து வருடம் கழித்து ஆய்வுக் குழு வந்தால் யாரைத் தேடிப் போகும்? இழப்பீட்டுக்காகக் குடும்பம் குடும்பமாகப் பட்டியல் எடுக்கும்போது நிலம் எத்தனை சென்ட், மரம் எத்தனை, மோட்டார் எத்தனை குதிரைத் திறன் என்று எழுதுகிறார்கள். அதே நாளில், அதே வீட்டுத் திண்ணையில், அந்தக் குடும்பத்தின் உடல்நிலையையும் பதிந்து ஒரு நகலை அவர்களிடமே கொடுப்பதற்கு, அடுத்த நில எடுப்பு அறிவிப்பு வரும்வரைதான் நேரம் இருக்கிறது.