முகமில்லாப் படங்கள்

படம் என்றால் அதில் முகம் இருத்தல் வேண்டும் என்பது நம்மவர் கொள்கை. கலியாணப் படம், பிள்ளைக்கு ஏடு தொடக்கிய படம், பட்டமளிப்புப் படம் ஆகியன கண்ணாடிச் சட்டத்துள் ஏறும். முகமில்லாப் படங்களோ பேணிக்குள் கிடந்து மக்கும். வீடு மாறும்போது குப்பையோடு போகும். அவ்வாறு போகவிருந்த பதினொரு படங்களைப் பற்றியே இவ்வாரம் எழுதத் துணிந்தேன்.

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் பிஸ்கற் பேணியொன்றுடன் வீட்டுக்கு வந்தார். புகையிரதப் பகுதியில் கார்ட்டாகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற தம் பேரனார் எடுத்த படங்கள் என்றார். "ஐயா, எல்லாம் கூட்ஸ் கோச்சிப் படந்தான். ஆக்கள் ஒருத்தருமில்லை. எறியச் சொல்லி அம்மா சொல்லுறா. உங்களுக்கு உதவுமோ எண்டு கொண்டந்தனான்" என்றார். நல்ல பிள்ளை. யான் கற்பித்த இலக்கணம் அவரிடம் நின்றதோ இல்லையோ, எறியுமுன் ஒருவரைக் கேட்க வேண்டும் என்னும் அறிவு நின்றது.

பதினொன்றும் மதவாச்சிச் சந்தியில் எடுத்தவை. ஒன்றில் நீராவி எஞ்சினொன்று தண்ணீர் ஏற்றிக்கொண்டு நிற்கின்றது. சாரதியின் முழங்கை மட்டுமே தெரிகின்றது. மற்றொன்றில் ஓடிவரும் எஞ்சினை நோக்கி ஒரு கை வளையமொன்றை உயர்த்திப் பிடித்திருக்கின்றது. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அவ்வளையத்தோடு கொடுக்கப்படும் டப்லெட்டைப் பெறாமல் எவ்வண்டியும் அடுத்த நிலையத்துக்குப் புறப்படலாகாது. எதிரே வேறு வண்டி வாராது என்பதற்கு அதுவே உறுதி. எத்தனையோ உயிர்கள் அக்கையை நம்பிச் சென்றன. கைக்குரியவரின் முகம் படத்தின் விளிம்புக்கு அப்பால் நின்றுவிட்டது.

இன்னொரு படத்தில் டீசல் எஞ்சின் காணப்படுகின்றது. கனடாவிற் செய்யப்பட்டது, கொழும்புத் திட்டத்தின் கீழ் அத்தகைய எஞ்சின்கள் 1954 இல் வரத் தொடங்கின. எனவே அப்படம் அவ்வாண்டிற்கு முற்பட்டதாகாது. ஏட்டுச்சுவடியின் காலத்தை எழுத்தின் வடிவு கொண்டு துணியும் எமக்கு இம்முறை புதியதன்று.

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம்வரை வடபாதை முற்றுப்பெற்றது 1905 இல். மதவாச்சியிற் பிரிந்து தலைமன்னார் செல்லும் கிளைப்பாதை 1914 இல் திறக்கப்பட்டது. அதன் பின்னரே மதவாச்சி சந்தியாயிற்று. கப்பலேறித் தனுஷ்கோடி செல்வோர் கடந்த வழி என்று அதனைப் பலர் எழுதியுள்ளனர். ஆயினும் இப்படங்களிற் காண்பது பிரயாணிகளை அன்று, களிமண்ணை.

ஆம், களிமண்தான். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் அவ்வூரிலேயே உண்டு. சீமெந்துக்கு வேண்டிய களி மன்னார்ப் பகுதியின் முருங்கனிலிருந்து வரல் வேண்டும். முருங்கனிலிருந்து வரும் வண்டி மதவாச்சிக்குள் நுழையும்போது அதன் முகம் தெற்கு நோக்கியிருக்கும். செல்ல வேண்டியதோ வடக்கு. ஆதலால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தால் ஓட்டி, மறுமுனையிற் பூட்டுவர்; கார்ட்டின் பெட்டியும் முனை மாறும். இதனை எனக்கு விளக்கியவர் அப்பேரனாரே. தொண்ணூறைக் கடந்தவர், விறாந்தையில் இருந்தபடியே இரண்டு தீப்பெட்டிகளை மேசையில் நகர்த்திக் காட்டினார். பன்னிரண்டு சதுரப் பெட்டிகளின் வரிசையென யான் எண்ணியிருந்த படம் அப்போதுதான் எனக்குத் திறந்தது. பெட்டிகள் வடக்கே செல்ல ஆயத்தமாகி நிற்கின்றன. எஞ்சின் இன்னும் வந்து பூட்டப்படவில்லை.

சந்தி என்பது எமக்கு இலக்கணச் சொல்லுமாகும். சொற்கள் புணருமிடத்துத் தோன்றலும் கெடுதலும் திரிதலும் நிகழும் எனப் பல்லாண்டு பாடஞ் சொல்லியிருக்கின்றேன். பெட்டி சேர்வதும், பெட்டி கழல்வதும், வண்டி திசை திரும்புவதுமாக அம்மூன்றையும் மதவாச்சியில் நாள்தோறும் நடத்திக்கொண்டிருந்தவர்கள் எழுத்ததிகாரம் படித்தவர்கள் அல்லர்.

நடுத்தர வயதுடைய நம்மவர் ஒருவரிடம் மதவாச்சி என்று சொல்லுக. போர்க்காலச் சோதனைச் சாவடியே அவர் நினைவில் எழும். லொறியிலிருந்து சாமான்களை இறக்கி, வேறு லொறியில் ஏற்றிய இடம் அது. யானும் அவ்வரிசையில் நின்றவன். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குப் போயின. 2014 இல் யாழ்ப்பாணத்துக்கும் 2015 இல் காங்கேசன்துறைக்கும் தலைமன்னாருக்கும் வண்டி மீண்டும் ஓடியது, மகிழ்ந்தோம். களிமண் வண்டி மீளவில்லை. 1990 இலே சீமெந்து ஆலையும் நின்றுபோயிற்று. ஆகவே அவ்வண்டி ஓடியதற்கு அவ்விடத்திலே எஞ்சிய தடயம் மிகச் சிறிது. மதவாச்சி நமக்குச் சாவடி மட்டுமாய் இராது சந்தியாகவும் இருந்தது என்பதற்கு இப்பேணி ஒரு சான்று.

நம் எழுத்தாளர் இதனைக் கவனித்தாரில்லை. யாழ்தேவியைப் பற்றி எழுதுகின்றோம்; அதன் யன்னலோரத்துக் காதலையும், கோட்டைப் புகையிரத நிலையத்துப் பிரிவையும் எழுதுகின்றோம். சென்ற தவணையில் களிமண் வண்டிப் படத்தை வகுப்பில் வைத்துக் கட்டுரை எழுதச் சொன்னேன். இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் யாரோ ஒருவர் யாருக்கோ கையசைத்ததாக எழுதினர். கையசைப்பதற்குக் களிமண்ணை அன்றி அங்கு ஒருவருமில்லை. குற்றம் மாணவருடையதன்று, நாம் படிக்கக் கொடுத்தவை அத்தகையன.

என் குற்றத்தையும் சொல்லல் வேண்டும். முதல் நாளில் ஆறு படங்களுக்கு அப்பெரியவர் விளக்கஞ் சொன்னார், எழுதிக்கொண்டேன். எஞ்சிய ஐந்தையும் மற்றொரு நாள் பார்ப்போம் என்று எழுந்தவன் யானே. பரீட்சை வந்தது, விடைத்தாள் வந்தது, மழையும் வந்தது. கார்த்திகையில் யான் சென்றபோது வாசலில் வாழை கட்டியிருந்தது.

வீட்டில் இத்தகைய படங்கள் உடையோர் இன்றே ஒரு காரியஞ் செய்க. மூத்தவரை அருகிலிருத்தி, இடம், ஆண்டு, வண்டி சென்ற திசை, ஏற்றிய பொருள் ஆகியவற்றைக் கேட்டுப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுக. குமிழ்முனைப் பேனா வேண்டா. அதன் தடம் முன்புறத்தே புடைக்கும். படத்தைத் தனித்தனிக் காகிதத்தில் மடித்து வைக்குக. பிஸ்கற் பேணியின் துரு ஏற்கெனவே இரண்டு படங்களின் ஓரத்தைத் தின்றிருக்கின்றது.

விளக்கமில்லாத ஐந்து படங்களையும் எம் கல்லூரி நூலகத்து மேசையில் சனிக்கிழமை முற்பகல்தோறும் வைத்திருப்பேன். புகையிரதப் பகுதியிற் கடமையாற்றிய பெரியோர் எவரேனும் வந்து பார்ப்பாராயின் பேருதவியாகும். வர இயலாதோர் சொல்லியனுப்பினால் படங்களுடன் யானே வருவேன். இரண்டாவது படத்தில் கைகாட்டி மரத்தின் கீழே தனியே ஒரு பெட்டி கழற்றி விடப்பட்டிருக்கின்றது. அதன் கதவில் சுண்ணக்கட்டியால் ஏதோ எழுதியிருக்கின்றது. அதனை முதலில் காட்ட விரும்புகின்றேன்.