அழாதே என்று சொல்லாதீர்கள்!

கார்ட்டூன் படம் என்றால் அது குழந்தைகள் சமாசாரம் என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. பிள்ளைகளின் கையில் ஆளுக்கு ஒரு பொட்டலம் பாப்கார்னைக் கொடுத்துவிட்டு, குளுகுளுவென்றிருக்கும் தியேட்டரில் சற்றுக் கண்ணயரலாம் என்று வருகிற அப்பாக்கள் உண்டு. அப்படி வந்தவர்களையும் நிமிர்ந்து உட்கார வைத்து, கைக்குட்டையைத் தேட வைத்த படம் ஒன்று 2015-ம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் பிக்ஸார் கம்பெனியார் தயாரித்த 'இன்ஸைட் அவுட்' என்ற படந்தான் அது. மறு வருஷம் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்த ஒரு தாயார் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

கதை சின்னதுதான். ரைலி 11 வயதுப் பெண். மின்னஸோட்டா என்னும் குளிர்ப் பிரதேசத்தில் வளர்ந்தவள். பனிக்கட்டியின் மேல் சறுக்கிக்கொண்டே ஆடுகிற ஹாக்கி என்றால் அவளுக்கு உயிர். அப்பாவின் தொழில் காரணமாகக் குடும்பம் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துக்குக் குடிபெயர்கிறது. புது வீடு அழுது வடிகிறது. சாமான் ஏற்றி வந்த வண்டியோ வந்தபாடில்லை. அப்பாவுக்கு டெலிபோனை விட்டு நகர முடியாதபடி தொழில் கவலை. மாற்றல் உத்தியோகஸ்தர்களுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

புதுமை என்னவென்றால், கதையில் பெரும் பகுதி அந்தப் பெண்ணின் தலைக்குள்ளேயே நடக்கிறது. அங்கே ஓர் ஆபீஸ். அதை நடத்துகிறவர்கள் சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு ஆகிய ஐந்து பேர். ரசங்கள் ஒன்பது என்பார்கள் நம்மவர்கள். இவர்கள் ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் பால் எக்மன், டாச்சர் கெல்ட்னர் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்களிடம் யோசனை கேட்டுத்தான் எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆபீஸில் சந்தோஷத்தின் அதிகாரம் கொடிகட்டிப் பறக்கிறது. நீல நிறமும் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கும் துக்கத்தைக் கண்டாலே அவளுக்குப் பயம். அவள் கை பட்டால் நல்ல ஞாபகங்கூடச் சோகமாகிவிடுகிறதாம். ஆகவே தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, "இதைத் தாண்டி வராதே" என்று துக்கத்தை அதற்குள் நிறுத்தி வைக்கிறாள். தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் சிரிக்கிற விஷயமல்ல. நம் வீடுகளிலும் இந்த வட்டம் இருக்கத்தான் இருக்கிறது. "பெண் குழந்தை இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கும்போது நாம் போடுவது வேறு என்ன?

படத்தில் வரும் தாயாரும் இதையே செய்கிறாள், மிகவும் அன்பாக. இரவில் மகளின் படுக்கையருகே வந்து, அப்பாவுக்குத் தலைக்கு மேல் கவலை இருக்கிறது, நீயும் நானும் சிரித்த முகமாக இருந்தால் அவருக்கு எவ்வளவோ ஒத்தாசை என்கிறாள். பெண்ணும் தலையாட்டி விடுகிறது. அந்த அம்மாளைப் பொல்லாதவள் என்று யாராவது சொல்ல முடியுமா? ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து குழந்தைக்குத் தன் வருத்தத்தைச் சொல்ல வீட்டில் இடமில்லாமல் போகிறது. தலைக்குள்ளே நடக்கிற ஒரு விபத்தில் சந்தோஷமும் துக்கமும் ஆபீஸை விட்டு வெகுதூரம் போய்விழுகிறார்கள். மிச்சம் கோபமும் பயமும் அருவருப்புந்தான். ரைலி பெற்றோரிடம் எரிந்து விழுகிறாள், சிநேகிதியைப் பகைத்துக்கொள்கிறாள், கடைசியில் வீட்டை விட்டே கிளம்பிவிடுகிறாள். அழ வேண்டிய பெண் அழாமல் இருந்ததன் பலன் இது.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று. பிங் பாங் என்று ஒரு பிராணி. ரைலி சிறுமியாக இருந்தபோது கற்பனை செய்துகொண்ட விளையாட்டுத் தோழன். உடம்பு பஞ்சு மிட்டாய், தும்பிக்கையும் உண்டு. அவனுடைய வண்டியை யாரோ குப்பையில் தள்ளிவிட, இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறான். சந்தோஷம் அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுகிறாள், வேடிக்கை காட்டுகிறாள். ஒன்றும் பலிக்கவில்லை. துக்கமோ மெதுவாக அவன் பக்கத்தில் உட்கார்ந்து, போனது பெரிய நஷ்டந்தான் என்று ஒப்புக்கொண்டு, அவன் சொல்வதைக் கேட்கிறாள். அவன் அழுது தீர்க்கிறான். பிறகு எழுந்து, போகலாம் வா என்கிறான்! எத்தனையோ புத்தகங்கள் சொல்லித் தராததை இந்தச் சில நிமிஷங்கள் சொல்லித் தந்துவிடுகின்றன.

டைரக்டர் பீட் டாக்டர், கலகலவென்றிருந்த தம் மகள் 11 வயதில் வாயடைத்துப் போனதைக் கண்டு யோசித்ததன் விளைவுதான் இந்தக் கதை. முதலில் சந்தோஷத்துக்கு வழித்துணையாகப் பயத்தைத்தான் அனுப்பினாராம். வேலை வெகுதூரம் நடந்த பிறகே, மனிதர்களை ஒட்ட வைப்பது துக்கம் என்று தோன்றிக் கதையை மாற்றினார். முடிவில் ரைலி திரும்பி வந்து, பழைய ஊர் வேண்டும் என்று விம்முகிறாள். பெற்றோர் திட்டவில்லை. தங்களுக்கும் அந்த ஏக்கம் உண்டு என்று சொல்லி அணைத்துக்கொள்கிறார்கள்.

வேடிக்கைக்கும் குறைவில்லை. சாப்பாட்டு மேஜையில் அம்மா அப்பா தலைகளுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறோம். அப்பாவின் ஆபீஸில் தலைமைப் பீடம் கோபத்துக்கு. அம்மாவின் ஆபீஸில் துக்கத்துக்கு. மனைவி ஜாடை காட்டும்போது கணவரின் மனம் ஹாக்கி பந்தயம் பார்த்துக்கொண்டிருக்கிறது! குழந்தை முகம் சுளிக்கிற பச்சைக் காய்கறி ப்ராக்கொலி. ஜப்பானியப் பிரதியில் மட்டும் அதைக் குடைமிளகாயாக மாற்றிவிட்டார்கள். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு ப்ராக்கொலி பிடிக்குமாம்.

குறைகளும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதிக் கதை புரியாது. பூதாகரமான கோமாளி ஒருவன் வருகிற இடத்தில் மடியில் ஏறிக்கொள்வார்கள். பிங் பாங்கின் முடிவு பெரிய குழந்தைகளையே அழ வைக்கும். ஊருக்கு ஓட அந்தப் பெண் தாயாரின் கைப்பையிலிருந்து கிரெடிட் கார்டை எடுக்கிறாள். படம் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அது சரியா தப்பா என்று வீட்டில் நாம்தான் பேச வேண்டும். 2024-ல் இதன் இரண்டாம் பாகமும் வந்தது. ரைலிக்கு 13 வயது. கவலை, பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று நான்கு பேர் புதிதாக வேலைக்குச் சேருகிறார்கள். பருவ வயதுப் பெண்ணை வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். ஆனால் முதல் படத்தை முதலில் பாருங்கள்.

புதுப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று குழந்தை கண் கலங்கி வந்தால், "எல்லாம் பழகிப் போகும், போய் முகத்தைக் கழுவிக்கொள்" என்று உடனே சொல்லத்தான் வாய் வரும். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் பரவாயில்லை. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். யோசனை சொல்ல வேண்டாம். அழுகிற குழந்தை அம்மாவைக் கூப்பிடுகிறது. அழாமல் அடக்கிக்கொள்கிற குழந்தையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.