கொள்ளிடத்தில் வெள்ளம் ஓடியும் கிணற்றில் தண்ணீர் ஏறாதது ஏன்?

தஞ்சாவூர்:
கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடிய வருடத்திலும், கோடை வந்தால் டெல்டாவில் பல இடங்களில் பம்புசெட் காற்று வாங்குகிறது. 'இவ்வளவு தண்ணி போச்சே, பூமிக்குள்ள இறங்கலையா?' என்பதுதான் விவசாயிகளின் கேள்வி.

2018-ம் ஆண்டு ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியை எட்டியது. உபரிநீர் கொள்ளிடத்தில் திருப்பி விடப்பட்டது. ஆகஸ்டு 22-ந்தேதி இரவு முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில் கடைமடை வாய்க்கால்கள் காய்ந்து கிடந்தன.

களிமண் பூட்டு

வயலில் வெள்ளம் நின்றால் நிலத்தடி நீர் ஏறிவிடும் என்று நினைப்பது தப்பு. டெல்டாவில் பெரும்பகுதி களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண், முதல் மழையைக் குடித்ததும் மூடிக்கொள்ளும். சேறடித்த வயலில் அதன்பிறகு ஒரு நாளைக்கு சில மில்லி மீட்டர்தான் கீழே இறங்கும். சம்பா பயிர் அழுகுமே தவிர, கிணறு ஊறாது.

தண்ணீரை வேகமாக உள்ளே இழுப்பது ஆற்று மணல்தான். அந்த மணலை அள்ளிவிட்டால் ஆறு பள்ளமாகிறது. பிறகு பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரே ஆற்றுப் பக்கம் கசிய ஆரம்பித்துவிடும்.

கடலோரத்தில் உப்பு

நாகை கடலோரத்தில் பிரச்சினை வேறு. அங்கே பூமிக்கு அடியில் உப்புத்தண்ணீர் மேல் நல்ல தண்ணீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைக்கும். போர் போட்டு அந்த 1 அடியை இறைத்துவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உப்பான நிலங்களைக் கழுவிக் கொடுத்தது அடுத்து வந்த பருவமழைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

தீர்வு என்ன?

வெள்ளம் சில நாளில் ஓடிவிடும். ஏரி, குளத்தில் தேங்கும் தண்ணீரோ மாதக்கணக்கில் கசிந்து கீழே இறங்கும். எனவே ஜூன் 12-ந்தேதி மேட்டூர் திறப்புக்கு முன்பே வாய்க்கால், குளங்களைத் தூர்வாரி, வெள்ளம் வரும்போதே நிரப்ப வேண்டும். மணலில் கை வைக்கக் கூடாது.

இல்லாவிட்டால் மழைக்காலத்தில் சம்பா மூழ்கும், கோடையில் குறுவை நாற்றங்காலுக்கும் குடிக்கவும் தண்ணி இருக்காது. இரண்டு நஷ்டமும் ஒரே விவசாயி தலையில்தான் விழும்.