தலைக்கவசத்தைத் துடைக்காதீர்கள்

தருமபுரியும் அரூரும் சேலம் மாவட்டத்தில் இருந்த காலத்தில் பர்மா போர்முனைக்குப் போய்வந்தவர்களின் வீட்டுப் பரணில் ஜப்பானியத் தலைக்கவசம் ஒன்று கிடக்கலாம். கையில் கிடைத்ததும் துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டியில் வைக்கத் தோன்றும். அதன் வரலாறு அந்தத் தேய்ப்பிலேயே போய்விடும். ஜப்பானியப் படை பரவலாக அணிந்தது ‘தொண்ணூறாம் வகை’ எஃகுக் கவசம். ஜப்பானியப் பேரரசு ஆண்டு 2590, அதாவது 1930, தந்த பெயர் அது. முன்புறம் நட்சத்திரம் இருந்தால் தரைப்படை, நங்கூரம் இருந்தால் கடற்படை. சிலவற்றின் உட்பக்கத்தில் அணிந்தவரின் பெயரே மையால் எழுதியிருக்கும். 1945 ஆகஸ்டில் சரணடையும்போது ஜப்பானிய ராணுவம் தன் ஆவணங்களைப் பெருமளவில் எரித்துவிட்டதால், மங்கிய அந்த மையெழுத்துக்கு மதிப்பு அதிகம்.

பொருளைப் போலவே அது கிடைத்த இடமும் சான்றுதான். தருமபுரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. இங்குள்ள நடுகற்கள் பலவற்றில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், ஆநிரை மீட்டு இறந்தவனின் பெயர் எல்லாம் கல்லிலேயே உண்டு. போதாதற்கு, 1970களில் இரா. நாகசாமி தலைமையில் மாநிலத் தொல்லியல் துறை அவற்றைப் படித்து, எந்த ஊரில் நின்றவை என்று குறித்து நூலாக்கியது. எஃகுக் கவசத்துக்கு அப்படி எவரும் எழுதிவைக்கவில்லை. ‘கொஹிமா போர்க்களத்தில் எடுத்தது’ என்றால் விலை ஏறும் என்பது விற்பவருக்குத் தெரியும். காகிதம் இல்லாதவரை அது விற்பவரின் பேச்சு மட்டுமே.

தாத்தாவே சொன்னார், இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்கலாம். அவர் சொல்லும் சான்றுதான். ஆனால் யார், யாரிடம், எப்போது சொன்னது என்று சேர்த்து எழுத வேண்டும். அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழையும் பார்க்க வேண்டும். 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொஹிமாவில் சண்டை நடந்தபோது அவர் பிரிவு பர்மாவின் அரக்கானில் இருந்திருந்தால், கவசம் வேறு கை மாறி வந்திருக்கலாம். இன்னொரு மறுப்பு கனமானது: சயாம்–பர்மா ரயில்பாதையில் மலாயாத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சாகவிட்ட படையின் பொருளுக்கு இவ்வளவு அக்கறை ஏன்? ஆராய்வது மாலை போடுவதாகாது. எந்தப் படை எங்கே, எப்போது இருந்தது என்று ஆதாரத்தோடு நிறுவுகிறவர்தான் அதன் குற்றத்தையும் நிறுவ முடியும். கதையை மட்டும் வைத்திருப்பவரை யாரும் எளிதில் மறுத்துவிடலாம்.

வீட்டில் அப்படியொன்று இருந்தால் துடைக்காமல், உள்ளும் புறமும் படமெடுங்கள். விவரம் தெரிந்த முதியவர் இருக்கும்போதே கேட்டு, தேதியிட்டு எழுதி, கவசத்தோடு வையுங்கள்.