மோன்மார்த்ர் குன்றும் ஒரு மூன்றாம் நிலை குமாஸ்தாவும்

பாரீசுக்குப் போய் வந்தவர்கள் நம் புதுச்சேரியில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். மோன்மார்த்ர் எப்படி என்று கேட்டால் எல்லோரும் ஒரே போட்டோவைத்தான் நீட்டுகிறார்கள். வெள்ளைக் கோபுரம், கீழே படிக்கட்டு, அதில் குடும்பம். அந்தக் குன்றைப் பார்க்கிற முறை அதுவல்ல என்பது என் கட்சி.

மகள் அந்தப் பக்கம் இருப்பதால் நான் மூன்று முறை போயிருக்கிறேன். குன்றின் உயரம் 130 மீட்டர்தான். செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்களுக்கு இது ஒரு மேடு. முன்பக்கம் 222 படிகள் உண்டு. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்கு 1900ஆம் ஆண்டிலிருந்தே பக்கத்தில் இழுவை ரயில் ஓடுகிறது. கூட்டமெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது. நான் சொல்வது வடக்குப் பக்கம். லமார்க் மெட்ரோவில் இறங்கி மெல்ல ஏறினால் வழியில் ஒரு சிறு திராட்சைத் தோட்டம் வரும். கட்டடம் வந்துவிடக் கூடாது என்று 1933இல் நட்டுக் காப்பாற்றியது. இன்றும் வருஷா வருஷம் அறுவடை நடக்கிறது.

குன்று 1860 வரை பாரீஸ் நகரத்தில் சேர்ந்தது இல்லை. நகர எல்லைக்குள் வரும் சாராயத்துக்கு வரி. எல்லைக்கு வெளியே வரி கிடையாது. ஆகவே குடிக்க விரும்பியவர்கள் மேலே ஏறினார்கள். குடிக்கடை வந்தது, ஆட்டம் பாட்டம் வந்தது, வாடகை மலிவு என்று ஓவியர்கள் வந்தார்கள். கடலூர், விழுப்புரத்திலிருந்து சனிக்கிழமை நம் ஊருக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலைக்கும் வரி விகிதத்துக்கும் உள்ள உறவை ஒரு குமாஸ்தாதான் கவனிப்பான்.

வெள்ளைக் கோயிலுக்கு வருகிறேன். நம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலைப் போல அதுவும் திரு இருதயத்துக்கு அர்ப்பணித்ததுதான். ஆனால் அது நிற்கும் மண் வேறு. 1871 மார்ச் 18 விடியற்காலையில், குன்றின் மேல் இருந்த பீரங்கிகளை எடுத்துப் போக அரசாங்கப் படை வந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களும் தேசியக் காவல் படையினரும் குறுக்கே நின்றார்கள். சுடச் சொன்னபோது சிப்பாய்கள் சுட மறுத்தார்கள். அன்றே இரண்டு தளபதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாரீஸ் கம்யூன் அங்கிருந்து தொடங்கி மே மாதக் கடைசியில் ரத்த வெள்ளத்தில் முடிந்தது. 1870 போர்த் தோல்விக்குப் பரிகாரமாக ஏற்கெனவே நேர்ந்துகொண்ட கோயிலை அதே குன்றின் மேல் 1875இல் கட்டத் தொடங்கியபோது, இது கம்யூன்காரர்களின் பாவத்துக்குப் பரிகாரம் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். இடதுசாரிகள் இன்னும் மறக்கவில்லை. கோயில் வாசலில் இறங்கும் பூங்காவுக்கு 2004இல் லூயிஸ் மிஷேல் பெயரை வைத்தார்கள். அந்தக் குன்றில் பள்ளி ஆசிரியையாக இருந்து, கம்யூனில் சண்டையிட்டு, நியூ கலெடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர் அவர். போட்டோ எடுப்பவர்கள் அவர் பெயரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் அரசர்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் இருந்தது. இந்த அம்மாளுக்கு ஒரு வரி இல்லை.

ஓவியர்கள் உட்காரும் சதுக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உங்கள் முகத்தை வரைகிறேன் என்று கையைப் பிடிப்பார்கள். வேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னால் விட்டுவிடுவார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, நோர்வேன் தெரு ஓரத்துச் சுவர். அதிலிருந்து ஒரு வெண்கல மனிதன் பாதி உடம்போடு வெளியே வந்து நிற்கிறான். மார்செல் ஏமே எழுதிய கதையின் நாயகன் துத்தியேல். பதிவு அமைச்சகத்தில் மூன்றாம் நிலை குமாஸ்தா. சுவரை ஊடுருவிப் போகும் சக்தி அவனுக்கு உண்டு, ஆனால் அதை உபயோகிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. புதிதாக வந்த மேலதிகாரி கடிதம் எழுதும் பழைய நடையை மாற்றச் சொல்லி, கேட்காதவனை இருட்டறைக்குத் தள்ளிய பிறகுதான் சுவர் வழியாகத் தலையை நீட்டுகிறான். 38 வருஷம் வரைவு எழுதி, அதில் பாதியைச் சிவப்பு மையில் திரும்பப் பெற்றவன் என்ற முறையில், இந்த ஒரு சிலைக்காகவே குன்று ஏறலாம் என்பேன். கடைசியில் அவன் அந்தச் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறான். வருகிறவர்கள் கையைப் பிடித்துப் பிடித்து, கை மட்டும் பொன்னாய்ப் பளபளக்கிறது.

இப்போது குன்றில் குடியிருப்பவர்களும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளைக் கோயிலுக்கு வருஷத்துக்கு 1 கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள். சமீபத்தில் ஜன்னல்களில் துணிப் பதாகை கட்டி, இங்கே மனிதர்கள் வாழ்கிறோம் என்று நினைவுபடுத்த வேண்டியதாகிவிட்டது. இறைச்சிக் கடை இருந்த இடத்தில் காந்த பொம்மை விற்கிறார்கள். பயணிகளை மட்டும் திட்டுவதை நான் ஏற்கவில்லை. நானும் பயணிதான். வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர் யார்? வீட்டுக்காரர்தானே! நம் புல்வார் பக்கம் பாருங்கள். ரோமேன் ரோலன் வீதியிலும் சுஃப்ரேன் வீதியிலும் மஞ்சள் சுவர் முன்னால் நிற்கும் கூட்டத்தைக் குறை சொல்கிறோம். அந்தச் சுவருக்குப் பின்னால் சமையல் செய்து, துணி காயப்போட்டு வாழ்ந்த குடும்பங்கள் லாஸ்பேட்டைக்கும் ரெட்டியார்பாளையத்துக்கும் போய்விட்டன. விற்றது யார், கடைக்கு விட்டது யார்? நகராட்சி முகப்பின் நிறத்தைக் காப்பாற்றச் சட்டம் போடுகிறது. உள்ளே ஆள் குடியிருக்க வேண்டும் என்பதற்கு, வரியிலாவது ஒரு சலுகை தரலாமே? சொந்த வீட்டில் வாழ்பவருக்கு வீட்டு வரி பாதி, நாள் வாடகைக்கு விடுபவருக்கு இரட்டிப்பு. வரைவு வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், பழைய நடையில்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வார நாளில் காலை எட்டு மணிக்குள் மேலே இருங்கள். தெரு கழுவும் தண்ணீர் ஓடும், ரொட்டிக் கடையில் ஊர்க்காரர்கள் நிற்பார்கள். 1147இல் அபிஷேகம் செய்த சேன் பியேர் கோயில் பெரிய கோயிலின் நிழலிலேயே இருக்கிறது. உள்ளே போய் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். பதினொரு மணிக்குக் கூட்டம் ஏறும்போது நீங்கள் கிழக்கே இறங்கிவிடலாம். அரை மணி நடந்தால் லா ஷப்பேல். அதுவும் அதே 18ஆம் வட்டாரம்தான். பழோல் தெருவில் மாணிக்க விநாயகரைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர் கடை ஒன்றில் சாப்பிடுங்கள். மீன் குழம்பு காரம்தான், மோர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.