லைட்டைக் கழற்றினால் போதுமா? பின்னால் போகும் வயரை யார் பார்ப்பது?

2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு பொலிஸார் பஸ், ஆட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியிருந்த கலர் லைட்டுகளையும் ஹோர்ன்களையும் கழற்ற வைத்தார்கள். சொந்தக் காசில் செய்ததைக் கழற்றச் சொல்கிறார்களே என்று சாரதிகளுக்குக் கோபம். எதிரே வருபவர்களுக்கோ கண் கூசாமல் போக முடிகிறதே என்று ஆறுதல். இரண்டு பக்கமும் லைட்டைப் பற்றித்தான் பேசினோம். அந்த லைட்டுக்குப் பின்னால் போகும் வயரைப் பற்றி யாரும் பேசவில்லை. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நல்ல வெளிச்சம் வேண்டும் என்று நினைப்பது குற்றமில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் பழைய கார்களையே வைத்து ஓட்டினோம். ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிப் போன காரில் மழை இரவில் காலி வீதியில் கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போய்ப் பாருங்கள், கஷ்டம் விளங்கும். ஆகவே பஞ்சிகாவத்தைக்குப் போய் இரண்டு பல்ப் வாங்கி வருகிறோம். பிழை வாங்குவதில் இல்லை, பூட்டும் விதத்தில் இருக்கிறது.

ஓ.எல். பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு இது. சாதாரண எச்4 பல்பின் ஹை பீம் 60 வோட். 12 வோல்ட்டில் 5 அம்பியர். இரண்டுக்கும் 10 அம்பியர். அதே இடத்தில் 100 வோட் பல்ப் போட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 17 அம்பியர். வயர் பழைய வயர்தான். வயரில் வரும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது வெளிச்சத்துக்காக நாம் போட்ட பல்ப், வயரின் சூட்டைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்கிவிடுகிறது. சுவிட்ச் உருகும், சொக்கட் கருகும். அதற்கு மேலும் போனால் தீதான்.

எல்இடி குறைந்த மின்சாரம்தானே என்பார்கள். சரிதான். ஆனால் சிக்னலுக்கு எல்இடி போட்டால், மின்னோட்டம் குறைந்ததைக் கண்ட பழைய பிளாஷர் பல்ப் போய்விட்டது என்று எண்ணி வேகமாகத் துடிக்கும். அதைச் சரிப்படுத்த ரெசிஸ்டர் பூட்டுவார்கள். அது தொட முடியாத அளவுக்குச் சூடாகும். அதை இரும்பில் பூட்ட வேண்டும். பிளாஸ்டிக் பம்பரில் ஒட்டினால் பம்பர் உருகும்.

ஆகவே லைட் பூட்டக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று இவற்றைக் கேளுங்கள்:

1. வேலை தொடங்க முன் பெட்டரியின் மைனஸ் முனை முதலில் கழற்றப்படுகிறதா? கடைசியில்தான் அது பூட்டப்பட வேண்டும்.

2. கூடுதல் லைட்டுக்கு ரிலே போட்டு, பெட்டரியிலிருந்து தனி வயர் எடுக்கிறார்களா? அந்த வயருக்கான பியூஸ் பெட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் இருந்தால் பெட்டரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

3. பியூஸ் எரிந்தால் ஏன் எரிந்தது என்று தேட வேண்டும். பெரிய பியூஸ் போடுவதும் ஈயத்தாள் சுற்றுவதும் காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது மாதிரி.

4. வயரை முறுக்கி டேப் சுற்றினால் நம்ம ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகிவிடும். கல்கிசையில் கடல் காற்றின் உப்பு வேறு செம்பைப் பச்சையாக்கும். ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும், அல்லது கிளிப் வைத்து அழுத்த வேண்டும். அதன் மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவும் போட வேண்டும்.

5. இரும்புத் தகட்டுத் துளைக்குள்ளால் வயர் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் அதிர்வில் தோல் உரிந்து வயர் பொடியில் முட்டும்.

6. எர்த் வயர் பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் பூட்டப்பட வேண்டும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. ஆரஞ்சு நிறக் கேபிளின் கிட்டவும் யாரையும் போகவிட வேண்டாம். அது 12 வோல்ட் இல்லை, உயிரை எடுக்கும் வோல்ட்.

இதில் வயரிங் பாஸை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஒழுங்காகச் செய்ய ரிலே, பியூஸ், நல்ல வயர் எல்லாம் வேண்டும், நேரமும் வேண்டும். பல்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கூலியில் ஐந்நூறு ரூபாவைக் குறைக்கப் பேரம் பேசுவது நாம்தான். குறைத்த ஐந்நூறு எங்கே போகிறது? அந்த ரிலேயிலும் பியூஸிலும்தான் போகிறது.

அரசாங்கத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. வருடா வருடம் கார் லைசன்ஸ் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், நல்லது. தனியார் காரின் வயரிங்கை யார் பார்க்கிறார்கள்? புகைப் பரிசோதனைக்கு வந்த காரின் பொனட் அடியைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அனுபவமுள்ள பாஸ்மாருக்கு அவர்களின் அனுபவத்தை வைத்தே என்விகியூ சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. அதை கராஜ் கராஜாகப் போய்ச் சொல்ல வேண்டும். லைட்டைக் கழற்றப் போன அதே அக்கறை இதற்கும் வரட்டும்.

நாங்கள் ஆசிரியர்களும் நம் பங்கைச் செய்ய வேண்டும். ஓமின் விதியைப் பரீட்சைக்கு மனனம் செய்ய வைத்து அனுப்புகிறோம். அதே பிள்ளை மூன்று வருடத்தில் வாப்பாவின் காருக்கு லைட் பூட்டுகிறான். அந்த விதி அவன் கையில் இருக்கும் வயரைப் பற்றியது என்று வகுப்பிலேயே காட்டிவிட்டால் பாடமும் பதியும், காரும் பிழைக்கும்.

அழகும் வெளிச்சமும் இருக்கட்டும். அந்தக் காரின் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது நம் பிள்ளைகள். இன்றைக்கே பொனட்டைத் திறந்து ஒரு முறை பாருங்கள்.