பெஞ்சும் டீக்கணக்கும்

நட்பு எப்படி உருவாகிறது என்று கேட்டால் மனசு, அலைவரிசை, புரிதல் என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்து விழும். நிஜம் ரொம்ப சாதாரணமானது. பி.காம். முதல் வருடத்தில் வருகைப் பதிவேட்டில் பக்கத்துப் பெயர் யாருடையதோ, பெரும்பாலும் அவர்தான் முதல் நண்பர்!

விளையாட்டுப் பேச்சல்ல. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலக் காவல்துறையின் பயிற்சியாளர்களைப் பற்றி மேடி சீகல் என்பவர் 1974-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார. அங்கே இருக்கையும் தங்கும் அறையும் அகரவரிசைப்படி ஒதுக்கப்பட்டிருந்தன. நெருங்கிய நண்பர்கள் யார் என்று கேட்டால், பட்டியலில் பக்கத்தில் இருந்த பெயர்களே அதிகம் வந்தன. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் நேரக் கணக்கே போட்டார்: சும்மா பழகும் நட்புக்குச் சுமார் 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல்.

'பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே பழகவில்லையா?' என்று கேட்கலாம். பழகினார்கள்தான். ஆனால் அது அபூர்வம் என்பதால்தானே இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது!

சரி, தொடங்கியது நிலைப்பது எப்படி? இங்கே வணிகவியல் கொஞ்சம் உதவும். கணக்கை முழுதாகத் தீர்த்தால் அது முடிந்த கணக்கு. 'இன்னைக்கு டீக்கு நான் குடுக்கிறேன், நாளைக்கு நீ குடு' என்பதில் மிச்சம் நிற்கும் அந்தப் பன்னிரண்டு ரூபாய்தான் நாளைய சந்திப்புக்கு ஒரு சாக்கு. ஜிபேயில் அங்கேயே பங்கு பிரித்துத் தீர்ப்பவர்கள் நேர்மையானவர்கள்தான்... நண்பர்களா என்பது வேறு கேள்வி.

அதற்காக எல்லாக் கடனும் நட்பை வளர்க்காது. செமஸ்டர் ஃபீஸுக்காக வாங்கிய ஐயாயிரம் திரும்பாவிட்டால், முதலில் முகம் திருப்புவது கொடுத்தவர் அல்ல, வாங்கியவர். கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் கேன்டீன் பக்கமே வரமாட்டார். பணத்தைவிட அந்த ஒளிதல்தான் கொடுத்தவருக்கு வலிக்கிறது.

ஆனால் அதிக நட்புகள் சண்டையில்லாமலேதான் சாகின்றன. 1932-ம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, விருப்பமுறைக் கூட்டாண்மையைக் கலைக்கக்கூட எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நட்பில் யார் தருகிறார்கள்? மூன்றாம் வருடம் முடிந்து டி.சி. வாங்கியதும் பெஞ்ச் போய்விடுகிறது. 'அவன் கூப்பிடட்டும்' என்று இவனும், 'இவன் கூப்பிடட்டும்' என்று அவனும் இருக்க, வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பிறந்தநாள் கேக் படங்கள் வந்துகொண்டே இருக்கும்.